ஸ்கேன் எல்லாம் சாம்பலாக வருகிறது, ஸ்கேனரை மாற்ற வேண்டுமா?

ஜனவரி 6, மாலை (கேள்வி)

கறுப்பு வெள்ளை ஃபிலிம், 400 வேகம், 35 மிமீ. வீட்டிலேயே நானே கழுவுகிறேன். இதுவரை ஆறு ரோல். ஸ்கேன் செய்து பார்த்தால் எல்லாப் படமும் சாம்பல் பூசியது போலவும் மேலே மணல் தூவியது போலவும் இருக்கிறது. நிழல் பகுதியில் ஒன்றுமே தெரியவில்லை. என்னிடம் இருப்பது சாதாரண பிளாட்பெட் ஸ்கேனர். நல்ல ஸ்கேனர் வாங்கினால் சரியாகிவிடுமா?

ஜனவரி 6, இரவு

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். ஸ்கேனரை அணைத்துவிட்டு நெகட்டிவைக் கையில் எடுங்கள். போனில் வெறும் வெள்ளைத் திரையைத் திறந்து, வெளிச்சத்தை முழுக்க ஏற்றி, அதன் முன்னால் நெகட்டிவைப் பிடியுங்கள். இரண்டே இடங்களைப் பார்த்தால் போதும்.

முதலில் ஓரம். துளைகளை ஒட்டி ஃபிலிமின் பெயரும் கட்ட எண்களும் அச்சாகியிருக்கும். அவை தொழிற்சாலையிலேயே ஒளி காட்டிப் பதித்தவை. உங்கள் கேமராவுக்கும், அதில் ஒளியை அளந்து காட்டும் மீட்டருக்கும் அவற்றோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. எவ்வளவு கறுப்பாகத் தெரிகின்றன என்பதைக் கழுவிய விதம் மட்டும்தான் முடிவு செய்கிறது. எழுத்துகள் நல்ல கறுப்பாக இருந்தால் டெவலப்பர் (படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசல்) தன் வேலையைச் செய்திருக்கிறது. வெளிறிப்போயிருந்தால் நேரம் போதவில்லை, வெப்பநிலை குறைந்துவிட்டது, அல்லது டெவலப்பர் செத்துவிட்டது.

அடுத்தது படத்தின் நிழல் பகுதி. நெகட்டிவில் நிழல்தான் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும் இடம். அங்கே துணி மடிப்போ மரப்பட்டையோ லேசாகவாவது தெரிகிறதா? ஓரத்து வெற்று ஃபிலிமைப் போலவே அதுவும் வெறுமையாக இருந்தால், கேமராவுக்குள் போதிய ஒளி போகவே இல்லை. பதியாத ஒன்றை எந்த ஸ்கேனராலும் எடுத்துக் கொடுக்க முடியாது.

ஒரு துண்டை இப்படிப் பிடித்து ஒரு படம் எடுத்துப் போடுங்கள். ஓரமும் சேர்ந்து தெரியட்டும்.

ஜனவரி 7

நேற்று ஒன்றை விட்டுவிட்டேன். ஃபிலிமைத் திரையில் ஒட்டி வைக்காதீர்கள், திரையின் புள்ளிகள் தெரியும். ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் வெளிச்சம் ஒரே சீராக வரும்.

ஓர எழுத்தின் கறுப்பு எல்லா ஃபிலிமிலும் ஒரே அளவாக இருக்காது. ஒரு நிறுவனம் அடர்த்தியாகப் பதிக்கும், இன்னொன்று மெல்லியதாகப் பதிக்கும். ஆகவே ஒரே வகை ஃபிலிமில் சரியாக வந்த ரோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதுதான் முறை. நான் அதற்கென்றே ஒரு துண்டைத் தனியாக வைத்திருக்கிறேன்.

ஜனவரி 9

படம் பார்த்தேன். ஓர எழுத்து நன்றாகக் கறுத்திருக்கிறது. நிழல் காலி. ஆக, கழுவியதில் குறையில்லை, ஒளிதான் போதவில்லை. ஆறு ரோலும் இப்படியே என்றால் அது கை தவறு இல்லை. மீட்டர் தொடர்ந்து ஒரே அளவுக்குப் பொய் சொல்கிறது.

உங்கள் கேமரா 1970-களைச் சேர்ந்தது என்கிறீர்கள். பேட்டரி அறையில் என்ன போட்டிருக்கிறீர்கள்?

ஏன் கேட்கிறேன் என்றால், இதே குழியில் நான் ஆறு மாதம் கிடந்தேன். அந்தக் காலத்து மீட்டர்கள் பல, 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காக அளந்து செய்யப்பட்டவை. பாதரசம் நஞ்சு என்பதால் அந்த பேட்டரிகள் விற்பனையிலிருந்து போய்விட்டன. அதே வடிவத்தில் இன்று கிடைக்கும் அல்கலைன் பேட்டரி 1.5 வோல்ட். பொருந்தும், முள்ளும் அசையும், எல்லாம் நன்றாக இருப்பது போலவே தோன்றும். ஆனால் மின்னழுத்தம் கூடுதலாக இருப்பதால் மீட்டர் வெளிச்சத்தையும் கூடுதலாகக் காட்டும். அதை நம்பி நாம் அபர்ச்சரை, அதாவது லென்ஸின் துவாரத்தை, மூடுவோம். ஒரு ஸ்டாப்போ (ஒளி பாதியாவது ஒரு ஸ்டாப்) அதற்கும் மேலோ ஒளி குறைந்துபோகும்.

அப்போது எனக்கு இது தெரியாது. நெகட்டிவ் மெலிந்து வருகிறதே என்று கழுவும் நேரத்தைக் கூட்டினேன். ஏழரை நிமிடம் ஒன்பது ஆனது, ஒன்பது பதினொன்று ஆனது. நிழல் அப்படியே காலியாக நின்றது. வானமும் வெள்ளைச் சட்டையும் மட்டும் கறுத்துக் கட்டியாகிப் போயின. காரணம் எளிது. நிழலில் விழும் ஒளி கொஞ்சம்தான், அது டெவலப்பரில் ஆரம்ப நிமிடங்களிலேயே முழுக்க வெளிப்பட்டுவிடுகிறது. அதன்பிறகு கூட்டும் ஒவ்வொரு நிமிடமும் வெளிச்சப் பகுதியைத்தான் மேலும் கறுக்க வைக்கிறது. அந்த ஆறு மாதத்தில் எடுத்த ஒரு கல்யாண ரோல் இன்னும் என்னிடம் இருக்கிறது. மணப்பெண்ணின் கூந்தல் முழுக்க ஒரே வெற்றிடம். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

காதுகேட்கும் கருவிக்குப் போடும் துத்தநாக-காற்று பேட்டரி 1.4 வோல்ட்டை ஒட்டி நிற்கும், அதுவே போதும். ஒட்டுத்தாளைப் பிரித்துக் காற்று பட்டதிலிருந்து அதன் ஆயுள் ஓட ஆரம்பித்துவிடும், சில வாரமோ சில மாதமோதான். வடிவம் சற்றுச் சிறியது, சுற்றி ஒரு வளையம் வைத்து இறுக்க வேண்டும்.

ஜனவரி 9, பின்னிரவு

பேட்டரி வரும்வரை காத்திருக்க வேண்டாம். நாளைக்கே மீட்டரைச் சோதித்துவிடலாம். மேகமில்லாத நடுப்பகல் வெயிலில், வெயில் நேராக விழும் பொருளுக்கு அபர்ச்சர் எஃப்/16, ஷட்டர் நேரம் ஃபிலிம் வேகத்தின் தலைகீழ். 400 ஃபிலிமுக்கு அதற்கு நெருங்கியது 1/500. ரொம்பப் பழைய விதி இது, ஃபிலிம் பெட்டிக்குள்ளேயே அச்சடித்துக் கொடுப்பார்கள். உங்கள் மீட்டர் அதே வெயிலில் எஃப்/22-க்கும் மேலே, அதாவது துவாரத்தை இன்னும் மூடிப் போகச் சொன்னால் விஷயம் முடிந்தது, பொய் சொல்வது அதுதான்.

ஜனவரி 15

"400 ஃபிலிம் எவ்வளவு தப்பாக எடுத்தாலும் தாங்கும், இரண்டு ஸ்டாப் ஒரு பொருட்டே இல்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதி உண்மைதான். தாங்கும், ஆனால் ஒரு பக்கம் மட்டும். நெகட்டிவ் ஃபிலிமுக்கு ஒளி கூடினால் இரண்டு மூன்று ஸ்டாப் வரை பெரிய சேதமில்லை. நெகட்டிவ் கொஞ்சம் கறுப்பாக வரும், மணி (படத்தில் மணல் போலத் தெரியும் துகள்) பெரிதாகும், அவ்வளவுதான். குறைந்தால் ஒரு ஸ்டாப்பிலேயே நிழல் போய்விடும். ஸ்லைடு ஃபிலிமுக்கு நேர் எதிர், ஒளி கூடினால் வெளிச்சப் பகுதி வெளுத்துத் திரும்பாது.

அதனால் ஒளி சற்றுக் கூடட்டும் என்று நான் 400 ஃபிலிமை மீட்டரில் 320 அல்லது 250 என்று வைத்துத்தான் எடுக்கிறேன். இதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

ஜனவரி 16

கேமரா பேட்டரியை மாற்றியவர்களுக்கு ஒரு திருத்தம். எல்லாப் பழைய கேமராவும் இப்படி ஏமாறாது. சிலவற்றின் சுற்றமைப்பு பேட்டரியின் அழுத்தம் எதுவானாலும் சரியாகவே காட்டும்படி செய்யப்பட்டது. அதில் 1.5 வோல்ட் போட்டாலும் கவலையில்லை. உங்களுடையது எது என்பதை அந்த வெயில் சோதனையே சொல்லிவிடும்.

ஜனவரி 21

கழுவும் நேரம் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். எனக்கு நன்றாகப் பழகிய ஒரு ஜோடியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்: ஹெச்பி5 பிளஸ் ஃபிலிம், டி-76 டெவலப்பர். கரைசலை அப்படியே ஊற்றினால் 20 டிகிரி செல்சியஸில் ஏழரை நிமிடம். சம அளவு தண்ணீர் கலந்தால் 11 நிமிடம்.

சிக்கல் அந்த 20 டிகிரியில்தான். வெயில் காலத்தில் குழாயைத் திறந்தால் அதைவிடச் சூடாகத்தான் வரும். தண்ணீரைக் குளிர வைக்கப் போராடுவதைவிட நேரத்தைக் குறைப்பது சுலபம். ஒரு டிகிரி ஏறினால் பத்தில் ஒரு பங்கு நேரம் குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். 24 டிகிரிக்கு வந்தால் ஏழரை நிமிடம் ஐந்து நிமிடத்தை ஒட்டி வந்துவிடும். ஐந்துக்குக் கீழே போகக்கூடாது. ஊற்றும் நேரமும் வடிக்கும் நேரமுமே மொத்தத்தில் பெரிய பங்காகி, படம் திட்டுத்திட்டாக வரும். அதனால்தான் சூட்டுக் காலத்தில் சம அளவு தண்ணீர் கலக்கிறேன். 11 நிமிடம் என்பது 24 டிகிரியில் ஏழு நிமிடத்துக்குச் சற்று மேலே வரும். அந்த இடத்தில் கை பதறாது.

அசைப்பது: முதல் பத்து விநாடியில் நான்கு முறை, ஃபிலிம் கழுவும் டேங்கைத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்துவது, பிறகு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் அதேபோல் நான்கு. ஒவ்வொரு முறையும் டேங்கின் அடியை மேசையில் ஒரு தட்டுத் தட்டுங்கள், காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் விடுபடும். வேகமாகக் குலுக்கக் கூடாது. துளைகள் வழியாக டெவலப்பர் பாய்ந்து, ஒவ்வொரு துளைக்கும் நேராகப் படத்தின் ஓரத்தில் ஒரு கறுப்புக் கீற்று விழும்.

ஜனவரி 22

11 இல்லை 13 என்று ஒருவர் திருத்தினார். தேடிப் பார்த்தேன், இரண்டுமே சரி. 13 என்பது ஐடி-11 டெவலப்பருக்கு. இரண்டும் ஏறத்தாழ ஒரே கலவை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், அப்படியே அள்ளி ஊற்றினால் இரண்டுக்கும் அதே ஏழரை நிமிடம்தான். நீர்த்த பிறகு மட்டும் அட்டவணையில் பிரிந்து நிற்கின்றன. உங்கள் புட்டியில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதன் அட்டவணையைப் பாருங்கள். நான் பெயரைச் சொல்லித்தான் எழுதினேன், ஆனாலும் கேட்டது நல்லது.

ஜனவரி 28

ரீலில் (டேங்குக்குள் ஃபிலிமைச் சுற்றி வைக்கும் சட்டம்) ஃபிலிம் ஏறவில்லை, ஒளி புகாத கறுப்புப் பைக்குள் கை வியர்த்து அரை மணி நேரம் போராடினேன் என்று எழுதியவருக்கு: பிளாஸ்டிக் ரீல் எலும்பு காயும் அளவுக்குக் காய்ந்திருக்க வேண்டும். ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் ஃபிலிம் பாதியில் ஒட்டிக்கொள்ளும். ஃபிலிமின் முன்நுனியில் இரண்டு மூலைகளையும் சிறிதாக வெட்டி மழுக்கிவிடுங்கள், ரீலின் பள்ளத்தில் குத்தாது. பைக்குள்ளே வியர்வை ஏறிவிட்டால் பிடிவாதம் பிடிக்காமல் ஃபிலிமை டேங்குக்குள் போட்டு மூடி, கையை எடுத்து, ஆற விட்டு, அப்புறம் தொடருங்கள்.

கெட்டுப்போன ஒரு ரோலை வெளிச்சத்தில் கண்ணைத் திறந்துகொண்டு பத்து முறை ஏற்றுங்கள், பிறகு கண்ணை மூடிக்கொண்டு பத்து முறை. இதைவிடக் குறுக்குவழி கிடையாது.

பிப்ரவரி 2

கேள்வி கேட்டவரின் ஏழாவது ரோல். நிழல் வந்துவிட்டது! ஆனால் ஃபிலிம் முழுக்கப் பால் கலந்தது போல் மங்கலாக இருக்கிறதாம்.

பயப்படாதீர்கள், இது சரிசெய்யக் கூடியது. ஃபிக்சர் (மிச்ச வெள்ளி உப்பைக் கரைத்து நீக்கும் கரைசல்) தன் வேலையை முடிக்கவில்லை. ஒளி படாத வெள்ளி உப்பு இன்னும் ஃபிலிமிலேயே இருக்கிறது, பால் நிறம் அதுதான். புது ஃபிக்சரில் மறுபடி போடுங்கள். டெவலப்பர் வேலை முடிந்துவிட்டதால் விளக்கைப் போட்டுக்கொண்டே செய்யலாம். கண் முன்னே பால் கரைந்து கண்ணாடியாவதைப் பார்க்கலாம், முதல் தடவை எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பிறகு நன்றாக அலசிவிடுங்கள்.

இனி ஒவ்வொரு முறையும் ஃபிலிமைப் போடுவதற்கு முன்னால் ஃபிக்சரைச் சோதியுங்கள். கேமராவில் ஏற்றும்போது வெட்டி எறியும் முன்நுனித் துண்டு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் ஒரு சொட்டு ஃபிக்சர் வைத்து அரை நிமிடம் விடுங்கள். பிறகு முழுத் துண்டையும் ஃபிக்சரில் போட்டு மணி பாருங்கள். சொட்டு விழுந்த வட்டம் மற்ற இடத்தோடு கலந்து தெரியாமல் போகும் நேரம்தான் தெளியும் நேரம். அதைப்போல் இரண்டு மடங்கு ஃபிலிமுக்குக் கொடுங்கள். புதுக் கரைசலில் எடுத்த நேரம் இரட்டிப்பாகும் அன்று அந்தக் கரைசலை ஓய்வுக்கு அனுப்பிவிடலாம்.

டெவலப்பருக்கும் அதேபோல் ஒரு சோதனை உண்டு. வெளிச்சம் பட்ட முன்நுனித் துண்டை அதில் போட்டால் சில நிமிடத்தில் கரியாகக் கறுக்க வேண்டும். கறுக்காவிட்டால் ரோலைப் போடாதீர்கள். டி-76 கரைசல் நிறைத்து மூடிய புட்டியில் ஆறு மாதம் தாங்கும், பாதி காலியான புட்டியில் இரண்டு மாதம்தான். காற்றுதான் அதற்கு எமன்.

பிப்ரவரி 3

தீர்ந்த ஃபிக்சரைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். அதில் கரைந்த வெள்ளி இருக்கிறது, நீரில் வாழும் உயிர்களுக்குக் கேடு. ஒரு கேனில் சேர்த்து வைத்து, வெள்ளி மீட்பவர்களிடமோ வேதிக் கழிவு வாங்கும் இடத்திலோ கொடுங்கள். இந்த விஷயத்தில் நான் கண்டிப்பாகவே இருக்கிறேன்.

பிப்ரவரி 11

அலசுவதற்கு மணிக்கணக்கில் குழாயைத் திறந்துவிட வேண்டியதில்லை. டேங்கில் தண்ணீர் நிறைத்து ஐந்து முறை கவிழ்த்து, கொட்டி, மறுபடி நிறைத்துப் பத்து முறை, மறுபடி இருபது முறை. இது இல்ஃபோர்ட் நிறுவனம் சொல்லும் முறை, கெட்டிப்படுத்தும் பொருள் சேராத ஃபிக்சருக்குப் பொருந்தும். நான் மனத்திருப்திக்காக இன்னொரு முறை நிறைத்து ஐந்து நிமிடம் சும்மா விடுகிறேன்.

கடைசிக் குளியல் காய்ச்சி வடித்த நீரில், ஈரமாக்கும் திரவம் சில சொட்டு விட்டு. சில சொட்டு என்றால் சில சொட்டுதான், கூட்டினால் அதுவே கறையாக நிற்கும்.

தொங்கவிட்ட பிறகு விரலாலோ ரப்பர் துடைப்பானாலோ வழிக்கலாமா என்பதில் ஊர் இரண்டுபடும். நான் வழிப்பதில்லை. ஈரமான எமல்ஷன், அதாவது படம் பதிந்திருக்கும் மேல்பூச்சு, ஊறிய தோல் போல, ஒரு மணல் துகள் மாட்டினால் முதல் கட்டத்திலிருந்து 36 வரை நேர்க்கோடு விழுந்துவிடும். எனக்கு அப்படி ஒரே ஒரு முறை நடந்தது, நடைபழகும் குழந்தை ஒன்றின் ரோல். ஒவ்வொரு படத்திலும் அதன் முகத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு அந்தக் கோடு போகிறது. அன்றோடு விட்டேன்.

பிப்ரவரி 25

சரி, இப்போது ஸ்கேனருக்கு வருவோம். இரண்டு மாதமாகத் தள்ளிப்போட்டதற்குக் காரணம் உண்டு, நெகட்டிவ் சரியாக வந்த பிறகு பேசினால்தான் இதில் பொருள் இருக்கும்.

முதலில் என்னையே திருத்திக்கொள்கிறேன். ஜனவரி 6-ஆம் தேதி, சாம்பலாக வருவது முழுக்க நெகட்டிவின் குற்றம் என்பது போல எழுதிவிட்டேன். நிழல் காலியானதற்கு அது சரி. ஆனால் சாம்பல் நிறமே ஒரு குற்றமில்லை. நல்ல ஸ்கேன் சாம்பலாகத்தான் வர வேண்டும். நெகட்டிவின் மிகத் தெளிவான இடத்திலிருந்து மிகக் கறுத்த இடம் வரை எதையும் வெட்டாமல் ஸ்கேனர் எடுத்தால், திரையில் அது தட்டையாக, உயிரில்லாமல்தான் தெரியும். அதில் கறுப்பு எங்கே, வெள்ளை எங்கே என்று நிறுத்துவது நம் வேலை. இருட்டறையில் பிரிண்ட் போடுபவர் எந்த வன்மைத் தாள் (கறுப்பு வெள்ளை வேறுபாடு எவ்வளவு காட்டும் தாள்) என்று தேர்ந்தெடுப்பாரே, அதே வேலை.

ஆகவே தானியங்கித் திருத்தங்கள் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். 16 பிட் சாம்பல் அளவில் எடுங்கள். கறுப்பிலிருந்து வெள்ளை வரை புள்ளிகள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று காட்டும் வரைபடத்தின் (ஹிஸ்டோகிராம்) இரண்டு முனையும் சுவரில் மோதாமல் இருக்கட்டும். கூர்மையாக்கும் பொத்தானைக் கட்டாயம் அணையுங்கள். அந்த மணலில் பாதி அங்கிருந்துதான் வந்தது, ஸ்கேனர் ஒவ்வொரு மணியையும் தேடிப் பிடித்து ஓரம் கட்டுகிறது. மீதிப் பாதி, மெலிந்த நெகட்டிவிலிருந்து நிழலை இழுத்துப் பெரிதாக்கியதால் வந்தது. இரண்டும் சேர்ந்து உங்களை ஸ்கேனர் வாங்கவே துரத்தியிருக்கின்றன.

அடுத்து அந்த டிபிஐ எண்கள், அதாவது ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்பது. பெட்டியில் 6400 என்று போட்டிருந்தாலும், கோடுகள் அச்சிட்ட சோதனைத் தட்டை வைத்து அளந்தால் வீட்டு பிளாட்பெட்கள் பெரும்பாலும் 1500-க்கும் 2500-க்கும் நடுவில்தான் நிற்கும். சென்சார் அத்தனை புள்ளி எடுக்கும், லென்ஸ் அத்தனை நுணுக்கம் காட்டாது. 35 மிமீ கட்டம் ஒன்றை 6400-இல் எடுத்தால் ஐந்தரைக் கோடி புள்ளி, 16 பிட்டில் 110 எம்பி. அதே கட்டம் 2400-இல் 3400-க்கு 2270, அதாவது முக்கால் கோடிப் புள்ளிக்குச் சற்று மேலே. பதினோரு அங்குல அகலத்துக்கு அழகாக அச்சடிக்கலாம். நடுவில் உள்ள மீதமெல்லாம் கணினி வட்டை அடைக்கும் வெறும் காற்று.

35 மிமீயைவிட அகலமான 120 ஃபிலிம் வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கில் சிரிக்கலாம். 6×6 கட்டத்துக்கு அதே 2400-இல் 2.8 கோடிப் புள்ளி கிடைத்துவிடும். அதற்கு பிளாட்பெட் மிக நல்ல கருவி.

ஃபிலிம் தாங்கியின் உயரத்தையும் சோதியுங்கள். ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் கூர்மை மாறும். தாங்கியின் நான்கு மூலையிலும் மெல்லிய அட்டைத் துண்டு வைத்து, ஒரே கட்டத்தை மூன்று நான்கு உயரத்தில் ஸ்கேன் செய்து பார்த்தேன். ஓர் அட்டை கனத்தில் மணி பளிச்சென்று நின்றது.

பிப்ரவரி 26

தூசியை அகச்சிவப்பால் தானாக நீக்கும் வசதியைப் போட்டால் படமே உருகி வழிகிறது என்கிறார் ஒருவர். சாதாரணக் கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கு அதைப் போடக்கூடாது. அந்த முறை, சாயம் அகச்சிவப்பை விட்டுவிடும், தூசி மறிக்கும் என்ற வேறுபாட்டில் ஓடுகிறது. கறுப்பு வெள்ளையில் படமே வெள்ளியால் ஆனது, வெள்ளியும் அகச்சிவப்பை மறிக்கும். ஸ்கேனர் படத்தையே தூசி என்று எடுத்துக்கொள்கிறது. வண்ண நெகட்டிவுக்கும், அதே வண்ண நெகட்டிவைக் கழுவும் சி-41 முறையில் கழுவும் கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கும் தாராளமாகப் போடலாம். நமக்குக் காற்றூதியும் பொறுமையும்தான்.

மார்ச் 10

டிஜிட்டல் கேமராவால் நெகட்டிவைப் படமெடுப்பது பற்றி. நான் இப்போது 35 மிமீ முழுவதையும் இப்படித்தான் செய்கிறேன். ஒன்றுக்கு ஒன்று அளவில் நெருங்கும் மேக்ரோ லென்ஸ், எஃப்/8, நிறம் சரியாகக் காட்டும் ஒரு ஒளிப்பலகை, ஆடாத ஸ்டாண்ட். ஒரு ரோல் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பிளாட்பெட்டில் அது ஒரு மாலைப் பொழுது.

இதில் எல்லோரும் தடுமாறும் இடம், கேமராவும் ஃபிலிமும் இணையாக இல்லாமல் ஒரு மூலை மங்கிப்போவது. ஃபிலிம் இருக்கும் இடத்தில் ஒரு சின்னக் கண்ணாடியை வையுங்கள். கேமரா வழியாகப் பார்த்தால் லென்ஸ் தன்னையே பார்த்துக்கொள்ளும். அந்தப் பிம்பம் நட்ட நடுவில் வரும்வரை கேமராவைச் சாய்த்துச் சரிசெய்தால் வேலை முடிந்தது. நீர்மட்டக் குமிழியை வைத்து ஒரு மாதம் போராடிய பிறகுதான் இது எனக்குத் தெரிய வந்தது.

கட்டத்தைச் சுற்றிக் கசியும் வெளிச்சத்தைக் கறுப்புத் தாளால் மறையுங்கள். அறை விளக்கையும் அணையுங்கள், ஃபிலிமின் பளபளப்புப் பக்கம் எல்லாவற்றையும் பிரதிபலிக்கும்.

மார்ச் 30

கேள்வி கேட்டவரின் பத்தாவது ரோல் பார்த்தேன். பழைய பிளாட்பெட்டில்தான் எடுத்திருக்கிறார். படிக்கட்டுக்கு அடியில் நிற்கும் மிதிவண்டி, அதன் சக்கரக் கம்பிகள் இருட்டுக்குள்ளேயும் ஒவ்வொன்றாக எண்ணும்படி தெரிகின்றன. இரண்டு முறை பெரிதாக்கிப் பார்த்தேன். ரொம்ப மகிழ்ச்சி.

ஏப்ரல் 14

"எடுத்த அன்றே கழுவ வேண்டுமா, கிடப்பில் போடலாமா" என்று கேட்டிருக்கிறார்கள். அமெரிக்கப் புகைப்படக்காரர் கேரி வினோகிராண்ட் வேண்டுமென்றே காலம் கடத்தித்தான் கழுவுவார். எடுத்தபோது இருந்த மனநிலை வடிந்த பிறகு பார்த்தால்தான் படம் நன்றாக இருக்கிறதா என்று தெரியும் என்பது அவர் எண்ணம். 1984-இல் அவர் இறந்தபோது கழுவாத ரோல்கள் மட்டும் சுமார் 2,500 இருந்தன. இன்னொரு அமெரிக்கப் புகைப்படக்காரர் விவியன் மேயர் விட்டுப்போனவற்றிலும் கழுவாத ரோல்கள் ஏராளம். அவற்றில் பல அவர் கண்ணால் பார்க்காமலேயே போன படங்கள்.

நான் காத்திருப்பதில்லை. ஒளி பட்ட ஃபிலிமில் உறங்கும் பிம்பம் மெல்ல மங்கிக்கொண்டே போகும். சில வாரம் ஒன்றும் செய்யாது, ஆண்டுகள் செய்யும்.

ஏப்ரல் 20

ஆண்டுகள் என்ன செய்யும் என்பதை இந்த வாரம் கையில் பிடித்தே பார்த்தேன், அதனால் இதையும் எழுதிவிடுகிறேன்.

பன்னிரண்டு ஆண்டாக அலமாரியில் கிடந்த ஒரு கேமராவை எடுத்தேன். எண்காட்டி 22-இல் நின்றது. ரீவைண்ட் குமிழியை லேசாகத் திருப்பினால் இறுக்கம், உள்ளே ஃபிலிம் இருக்கிறது. என்ன எடுத்தேன் என்று நினைவே இல்லை. அப்படியே சுற்றி எடுத்துக் கழுவியிருக்கலாம். ஆனால் 14 கட்டம் மிச்சம் இருந்தது. 400 ஃபிலிம்தான், வயதுக்காக 100 என்று வைத்து, ஒரே காலையில் அம்மாவை எடுத்து முடித்தேன். பழைய ஃபிலிமில் வேகம் குறையும், அடிமூட்டம் (ஒளி படாத இடத்திலும் படியும் சாம்பல்) ஏறும், அதைத் தாண்டி நிழல் தெரிய வேண்டுமானால் ஒளியைக் கூட்டிக் கொடுக்கத்தான் வேண்டும்.

டி-76, கலக்காமல், ஏழரை நிமிடம், 20 டிகிரி. நேரத்தைக் கூட்டவில்லை, கூட்டினால் மூட்டமும் சேர்ந்து ஏறும்.

ஏப்ரல் 21

காய்ந்துவிட்டது. வெள்ளைத் திரைக்கு முன்னால் பிடித்தேன். ஃபிலிம் முழுக்கச் சாம்பல் மூட்டம், ஓர எழுத்துகள் மூட்டத்துக்குள் மங்கலாக இருந்தாலும் படிக்க முடிகிறது. முதல் 22 கட்டம் மெலிந்து கிடக்கின்றன, 23-இலிருந்து அடர்த்தி சட்டென்று ஏறுகிறது. ஒரே டேங்கில், ஒரே டெவலப்பரில், ஒரே நேரம் ஊறியவை.

22-இல் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்கிறார், கண்ணாடி போடவில்லை. 23-இலும் அதே ஜன்னல்தான், தடித்த கண்ணாடி போட்டிருக்கிறார், கேமராவைப் பார்த்து என்னமோ சொல்கிறார். 22-இல் முந்தானை மடிப்புகள் மூட்டத்துக்குள் பாதி போய்விட்டன. விரல்களும் நூலும் தப்பிவிட்டன. கேமராவால் நான்கு முறை எடுத்து ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தேன், இன்னும் கொஞ்சம் மேலே வந்தது.

வழக்கம்போல் ஆறு ஆறு கட்டமாக வெட்டினேன். 19-இலிருந்து 24 வரை ஒரே துண்டு, அதனால் அந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்திலேயே நின்றுவிட்டன.